அழுகுரல் கேட்டல்



சீகாழிப் பதியிலே, திருக்கோயிற் குளக்கரையில், மூன்று வயதுடைய குழந்தையொன்று நின்று அழுத வரலாற்றை நாமனைவரும் அறிவோம். தந்தையாராகிய சிவபாதவிருதயர் குழந்தையைக் கரையில் இருத்திவிட்டு, நீராடும் நியமத்தை முடித்தற்பொருட்டு நீருள் மூழ்கினார். தந்தையாரைக் காணாத குழந்தை கண்களைப் பிசைந்து அழுதது. திருத்தோணிச் சிகரத்தை நோக்கி அம்மையையும் அப்பனையும் அழைத்தது. அவ்வழுகையைக் கேட்ட பெருமான் உமாதேவியாரோடு எழுந்தருளி ஞானப்பாலை ஊட்டுவித்தருளினார். கரையேறிய தந்தையார் குழந்தையின் வாயில் வழிந்த பாலைக் கண்டு, யார் தந்த பாலை உண்டாயென வெகுண்டு வினவி, சிறு கோலொன்றை எடுத்து ஓங்கினார். பிள்ளையார் வானத்தைச் சுட்டிக் காட்டித் திருப்பதிகம் பாடியருளினார். சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திலே விரித்துரைத்த இவ்வரலாற்றைக் குருபூசைதோறும் கேட்டு மகிழ்கின்றோம்.

ஆயினும், இதன்கணுள்ள ஒரு சிறு செய்தியை நாம் பெரும்பாலும் நினையாது கடந்து செல்கின்றோம். குழந்தை அழுதபொழுது தந்தையார் அருகிலேயே இருந்தார். அவர் அன்பில்லாதவரல்லர், தீத்தொழில் செய்துகொண்டிருந்தவருமல்லர், செய்தற்குரிய நற்கருமத்தையே செய்தார். எனினும், நீருள் மூழ்கியிருந்தமையால் அழுகை அவர் செவிக்கு எட்டவில்லை. வெளிவந்த பின்னரும், அழுதாயோவென வினவினாரல்லர், கோலையே ஓங்கினார். அப்பெரியாரைக் குறைகூறுதல் நமது கருத்தன்று. அவர்பாற் கண்ட இந்நிலை இன்று நம்பால் நாடோறும் நிகழ்கின்றதென்பதைக் காட்டுதலே நமது கருத்தாம்.

நம் நாட்டு வித்தியாசாலைகளை நோக்குமின். ஐந்தாந் தரத்திற் பயிலும் பத்து வயதுப் பிள்ளை புலமைப்பரிசிற் பரீட்சையின்பொருட்டு விடியற்காலையில் எழுப்பப்படுகின்றது. வித்தியாசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்திற்குச் செல்கின்றது. அங்கிருந்து மீண்டதும் கடந்தகால வினாத்தாளின் முன் இருத்தப்படுகின்றது. விளையாட்டு ஒழிகின்றது, கோயில் வீதியில் ஓடித்திரிதலும் ஒழிகின்றது. வறிய பிள்ளைகளுக்கு உதவிப் பணமும் நல்ல வித்தியாசாலையில் இடமும் கிடைத்தற்கென்று ஏற்பட்ட அப்பரீட்சை, இன்று குடும்பத்தின் மானத்தை அளக்கும் கோலாயிற்று. பெறுபேறு வந்ததும், வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் படங்கள் மதிலிலும் சந்தியிலும் பத்திரிகையிலும் விளங்குகின்றன. ஒன்றிரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அப்படங்களைக் கடந்தே மறுநாள் வித்தியாசாலைக்குப் போதல் வேண்டும். அப்பிள்ளையின் நெஞ்சில் நிகழ்வதை யார் கேட்டார்?

இதன் பின்னர்க் க.பொ.த. சாதாரண தரம், அதன் பின்னர் உயர்தரம். 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகப் புகுமுகத்திற்கு இசற் புள்ளி கொள்ளப்படுகின்றது. தசமப் புள்ளிக்குப் பின்னே நிற்கும் சில எண்கள், ஓர் இளைஞன் மருத்துவம் பயில்வானோ மீண்டும் பரீட்சை எழுதுவானோ என்பதைத் தீர்மானிக்கின்றன. ஓரிடத்திற்குப் பலர் போட்டியிடும் நாட்டில் ஏதேனுமோர் அளவை வேண்டியதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவ்வெண் அவன் பெற்ற புள்ளியின் அளவேயன்றி அவன் ஆன்மாவின் அளவன்று என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் வீட்டிலுமில்லை, வித்தியாசாலையிலுமில்லை எனின், அது நம் சமயத்திற்கு வந்த பழியன்றோ?

பெற்றோர் அன்பினாற் செய்கின்றனர். ஆசிரியர் கடமையினாற் செய்கின்றனர். அதிபர் தம் வித்தியாசாலையின் பெயர்பொருட்டுச் செய்கின்றனர். எல்லாம் நற்கருமங்களே. ஆயின் எல்லோரும் நீருள் மூழ்கியிருக்கின்றனர். குழந்தையோ கரையில் நின்று அழுகின்றது.

சித்தாந்த நூல்கள் ஞானத்திற்குரிய படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காக வகுக்கும். அவற்றுள் முதற்கண் நிற்பது கேட்டல். நம் வகுப்பறைகளிற் கேட்டற்றொழில் முழுவதும் மாணாக்கர் தலைமேலே வைக்கப்பட்டுள்ளது. காலை முதல் மாலைவரை அவர்கள் கேட்கின்றனர், நாம் சொல்லுகின்றோம். அவர்கள் சொல்ல நாம் கேட்ட நாழிகை எத்துணை? தன்னைக் கேட்பார் ஒருவருமில்லாத பிள்ளை பிறர் சொல்வதையும் நெடுநாட் கேளாது. ஆதலின், கற்பித்தலுக்கு முன்னே கேட்டல் வேண்டுமென்பதே நாம் இன்று வற்புறுத்தப் புகுந்த பொருளாகும்.

மனம் நோயுறுதலை நம்மவர் வெட்கத்துக்குரியதென எண்ணி மறைக்கின்றனர். சைவசித்தாந்தத்தைச் சிறிது கற்றார்க்கும் இவ்வெட்கம் பொருந்தாது. என்னை? முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்மதத்துவம் இருபத்துநான்கு; அவற்றுள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன அந்தக்கரணங்கள். அவை மாயையினின்று தோன்றிய கருவிகள். ஆன்மா அவற்றின் வேறானது. கண் என்னும் கருவி நோயுற்றால் ஆன்மா இழிந்ததெனக் கூறுவாரில்லை. மனம் என்னும் கருவி நோயுற்றால் மாத்திரம் அப்பிள்ளை பழுதானதென்றும், அக்குடும்பம் குறையுடையதென்றும் கூறுதல் எவ்வாறு பொருந்தும்? கண்ணுக்கு வைத்தியரை நாடும் நாம் மனத்துக்கு வைத்தியரை நாடுதற்கு நாணுதல் அறியாமையேயாம்.

இனி, இங்கே நிகழத்தக்க தடைகள் சிலவற்றை எடுத்து விடை கூறுவாம்.

"எல்லாம் அவரவர் வினைப்பயன், நாம் செய்தற்கு யாதுளது?" எனின், கூறுதும். பசியும் வினைப்பயனே, அதனால் அடுப்பு மூட்டாது இருப்பாருண்டோ? 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்துற்றபொழுது, ஆறுமுகநாவலர் பெருமான், பசித்தார் தம் வினையை நுகர்க என வாளா இருந்தாரல்லர்; கஞ்சித்தொட்டி நிறுவி அன்னமூட்டுவித்தார். வினைக்கொள்கை நம் துன்பத்தை நாம் பொறுத்தற்குரியதேயன்றிப் பிறர் துன்பத்தை நாம் பொறுத்தற்குரியதன்று.

"திருநீறும் வழிபாடும் இருக்க வைத்தியமும் உளவளத்துணையும் எதற்கு?" எனின், கூறுதும். வழிபாடு மனத்திற்கு ஆறுதலும் உறுதியும் தருமென்பதில் ஐயமில்லை. ஆயினும், புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய இறைவன் வைத்தியநாதன் எனப் பெயர்கொண்டது வைத்தியத்தை விலக்குதற்கன்று. வைத்தியமும் தன் அருளேயென விளக்குதற்காம். காய்ச்சற் பிள்ளைக்குத் திருநீறும் இடுகின்றோம், மருந்தும் கொடுக்கின்றோம். மனம் நொந்த பிள்ளைக்கும் அவ்வாறே செய்க. பேய்பிடித்ததெனக் கூறி அடித்தலும், கட்டிவைத்தலும், பட்டினியிடுதலும் சைவமல்ல.

திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றையும் ஈண்டு நினைத்தல் தகும். சூலைநோய் தாங்கலாற்றாது வருந்திய அவர், வேறு நெறியிற் பெரும்பதவி பெற்றிருந்தும், இரவிலே திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியாரின் திருவடிகளில் வீழ்ந்தார். உதவி கேட்டற்கு அவர் நாணவில்லை. அவ்வம்மையாரும், எம்மை விட்டுப் போனாயே, இப்பொழுது ஏன் வந்தாயெனக் கடிந்து ஒரு சொல்லும் உரைத்தாரல்லர். இறைவன் திருவருளை எடுத்துரைத்து எழுப்பித் திருநீறு அளித்தார். துன்புற்று வந்தவரை வினவுமுன் ஏற்றல், கடியுமுன் தேற்றல் என்பதை இதனினும் தெளிவாகக் கற்பிப்பது யாது? பரீட்சையிற் பிழைத்து வீடு திரும்பும் பிள்ளை வாயிலிற் காண வேண்டுவது திலகவதியார் முகத்தையே.

"பிரம்பை நீக்கினால் ஒழுக்கம் எங்ஙனம் நிலைக்கும்?" எனப் பழைய உபாத்தியாயர் சிலர் வினவுவர். நாம் சண்டேசுர நாயனாரைக் காட்டுவோம். திருச்சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் சிறுவராயிருந்த காலத்தில், தன்னை முட்டவந்த ஈன்ற பசுவை ஆயன் கோலால் அடித்ததைக் கண்டு பொறாது, அவனை விலக்கி, அப்பசுக்களைத் தாமே மேய்க்கப் புகுந்தார். அன்போடு மேய்த்தமையாற் பசுக்கள் மகிழ்ந்து முன்னினும் மிகப் பால் சுரந்தன. நாடோறும் அவர் சந்நிதியிற் கைதட்டி விடைபெறும் நாம் இதனை மறத்தலாகாது. நாட்டுச் சட்டமும் இப்பொழுது இதனோடு ஒத்து நிற்கின்றது. வித்தியாசாலைகளில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் அறிவித்தது. ஆசிரியரொருவர் அறைந்தமை மாணாக்கனின் அடிப்படை உரிமையை மீறியதென 2021 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையால் அடித்தல் மாத்திரமன்று. வகுப்பின் முன்னிலையிற் குறைந்த புள்ளியை உரத்து வாசித்து நகைத்தலும், தந்தையின் தொழிலையும் குடியையும் சுட்டி இகழ்தலும் அடியேயாம். தோலிற்பட்ட தழும்பு ஆறும். அச்சொல்லின் தழும்பு ஆறுதல் அரிது.

இவ்வளவும் கூறியபின், ஆசிரியரைப்பற்றிக் கூறாது விடுவோமாயின் நாம் பாதியே கூறினவராவோம். பிள்ளையின் துன்பத்தைக் கேட்க வேண்டுமென ஆசிரியரை நோக்கிக் கூறுவது எளிது. அவர் துன்பத்தைக் கேட்பார் யார்?

ஒருநாள் ஓராசிரியர் வகுப்பறையில் நிற்கும் நிலையை உன்னுமின். வீட்டிலே நோயுற்ற தாயை விட்டு, இரண்டு பேருந்து மாறி, இடமாற்றம் பெற்ற தூரத்து வித்தியாசாலைக்கு வருகின்றார். நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றார். பாடத்திட்டத்தை முடிக்கவில்லையென மேலிடம் வினவுகின்றது. பெறுபேறு குறைந்ததேனெனப் பெற்றோர் வினவுகின்றனர். நிரப்ப வேண்டிய படிவங்கள் மேசைமேற் கிடக்கின்றன. 2020 ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் வித்தியாசாலைகள் மூடப்பட்டபொழுது, தம் கைப்பேசியினாலும் தம் செலவினாலுமே பாடம் நடாத்தினார் பலர். 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தில் ஈருருளியில் நெடுந்தூரம் சென்றனர் பலர்.

வடக்கிலும் கிழக்கிலும் இதனினும் ஆழமான புண் ஒன்றுண்டு. இன்று நாற்பது ஐம்பது வயதை எய்திய ஆசிரியருட் பலர் போர்க்காலத்துப் பிள்ளைகள். மின்சாரமின்றிக் குப்பிவிளக்கில் நோக்கிப் படித்தவர்கள். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபொழுது பெற்றோர் கைப்பற்றி இரவு முழுவதும் நடந்தவர்கள். 2004 ஆம் ஆண்டு மார்கழியிற் கடல் கொண்ட உறவினரையும், 2009 ஆம் ஆண்டு வன்னியில் இழந்த உறவினரையும் இன்றும் நினைந்து உறங்காதவர்கள். யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், 1998 ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆங்கில நூலிலே, போர் தனிமனிதரை மாத்திரமன்றிச் சமுதாயம் முழுவதையும் வடுப்படுத்துமென விளக்கினார்கள். அவ்வடுவை நெஞ்சில் வைத்துக்கொண்டே இவ்வாசிரியர் பிறர் பிள்ளைகளைத் தேற்றுகின்றனர். அவர் ஒருநாட் சினந்து பேசினால், ஏன் சினந்தாயென வினவுவார் பலர். ஐயா, உறங்கினீரோ, உண்டீரோவென வினவுவார் எத்துணையர்?

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் ஆசாரியர் கொள்கை. பளிங்கு அடுத்த நிறத்தைப் பற்றுமாறு போலப் பிள்ளையின் உள்ளம் ஆசிரியரின் உள்ளத்தைப் பற்றும். கலங்கிய உள்ளத்தைச் சார்ந்து தெளிந்த உள்ளம் உண்டாதல் யாண்டும் இல்லை. ஆதலின், மாணாக்கரின் மனநலம் வேறு, ஆசிரியரின் மனநலம் வேறு எனப் பிரித்து எண்ணுதல் பிழை. இரண்டும் ஒன்றே.

இனி, செய்யத்தக்கன இவையென ஒருவாறு கூறுவாம்.

ஆசிரியர்கள், நாடோறும் வகுப்புத் தொடங்குமுன், பெயர் அழைக்கும்பொழுதே ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நோக்குக. முன்னர்க் கலகலவெனப் பேசிய பிள்ளை பேச்சொழிதல், காரணமின்றித் தலைநோவு வயிற்றுநோவு எனல், உணவில் வெறுப்பு, உறக்கமின்மை, அடிக்கடி வாராதொழிதல், திடீரெனப் படிப்பிற் பின்னிடல், தோழரை விட்டு விலகல் ஆகிய இவை துன்பத்தின் குறிகள். ஒருநாட் கண்டது குறியன்று. இரண்டு கிழமை தொடர்ந்தால் தனியே அழைத்து மெல்ல வினவுக. வினவியபின் வாய்மூடிக் கேட்க. இடையிலே அறிவுரை புகுத்தற்க. பிள்ளை கூறியதைப் பிறர் கூடிய ஓய்வறையிற் பேசற்க. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஊறு நேருமெனத் தோன்றினால் மாத்திரம் உரியவர்க்கு உடனே அறிவிக்க. வித்தியாசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருப்பின் அவரிடம் சேர்ப்பிக்க.

"நான் இல்லாதிருப்பது நன்று", "இனி நான் உங்களுக்குத் தொல்லையாகேன்" என்றாற் போலும் சொல்லை எப்பிள்ளை கூறினும் விளையாட்டென விடற்க. உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கின்றாயோவென வெளிப்படையாகவே வினவுக. அங்ஙனம் வினவுதல் அந்நினைவை உண்டாக்குமென அஞ்சற்க. அது நெஞ்சின் சுமையை இறக்குதற்கு வழியேயாகும். அப்பிள்ளையைத் தனியே விடாது, பெற்றோருடன் அண்மையிலுள்ள அரசினர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும், பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை அறிவித்தற்குச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கமும் உள. இவ்விரண்டும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்படுக. உயிர்துறக்க முயன்றாரைக் குற்றவாளியாக்கும் சட்டம் 1998 ஆம் ஆண்டே நீக்கப்பட்டது. ஆதலாற் பொலிசாருக்கு அஞ்சி மறைத்தல் வேண்டா.

அதிபர்கள், மாதமொருமுறை ஆசிரியரை ஒருங்கிருத்தி, பெறுபேற்றையும் படிவத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் குறையைக் கேட்பாராக. புதிதாக வந்த ஆசிரியருக்கு மூத்தவர் ஒருவரைத் துணையாக்குக. துயருற்ற ஆசிரியரின் பாடத்தை ஏனையோர் சில நாட் பகிர்ந்து ஏற்பாராக.

பெற்றோர்கள், பிள்ளை வீடு வந்ததும், எத்தனை புள்ளியென்பதற்கு முன், இன்று எப்படியிருந்தாயென வினவுக. அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடற்க. கிழமையில் ஒரு மாலையையாயினும் படிப்பும் கல்வி நிலையமும் இல்லாத மாலையாக விடுக. அம்மாலையிற் பிள்ளை விளையாடுக, கோயிலுக்குப் போகுக, அம்மம்மாவிடம் கதை கேட்க. உறங்கும் நாழிகையைக் குறைத்துப் படிப்பித்தல் வேரை வெட்டிக் கொப்புக்கு நீர்விடுதலை ஒக்கும்.

கோயிற் பரிபாலகரும் சைவ சபையாரும், பெறுபேற்றில் உயர்ந்தாருக்குப் பொன்னாடை போர்க்கும் விழாவோடு தம் கடன் முடிந்ததென எண்ணற்க. வித்தியாரம்பம் செய்வித்தபோது ஏட்டின் முன் இருத்திய பிள்ளைகள் எல்லோரும் நம் பிள்ளைகளே. முதலிடம் பெற்றவர் மாத்திரமல்லர். பெறுபேறு வெளியாகும் வாரத்திலே, தவறிய பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்து, வேறு கல்வியும் தொழிலும் இவையென விளக்கும் ஓர் ஒன்றுகூடலை மடத்தில் நடாத்துக. கோயில் மண்டபத்திலே மனநல வைத்தியர் ஒருவரை அழைத்துப் பேசுவித்தால், வெட்கத்தால் வைத்தியசாலைக்குச் செல்லாதாரும் அங்கே வந்து கேட்பர்.

ஆறுமுகநாவலர் அவர்கள் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபொழுது, சைவப் பிள்ளைகள் கல்வியின்பொருட்டுத் தம் சமயத்தை இழத்தலைக் கண்டு இரங்கினார். அவ்விழப்பைத் தடுத்தற்குத் தம் உத்தியோகத்தையும் இல்வாழ்வையும் துறந்தார். இன்று நம் பிள்ளைகள் கல்வியின்பொருட்டுத் தம் உறக்கத்தையும் நகையையும், சிலபோது உயிரையுமே இழக்கின்றனர். நாம் துறக்க வேண்டுவது உத்தியோகமன்று, இல்வாழ்வுமன்று. நாளொன்றுக்கு ஒரு நாழிகைப் பேச்சையே. அந்நாழிகையில் நாம் வாய்மூடி ஒரு பிள்ளையையோ ஓர் ஆசிரியரையோ கேட்போமாயின், அது சிவபுண்ணியமேயாம்.

சீகாழிக் குழந்தை அழுதபொழுது, அதன் கல்வி எத்தகையதெனப் பெருமான் வினவினாரல்லர்; தகுதியை ஆராய்ந்து பின் வந்தாரல்லர். அழுகையைக் கேட்டார், வந்தார். நாமும் நீரினின்று தலையை உயர்த்துவோம். கரையில் நிற்பது நம் குழந்தை. கையிலுள்ள கோலைக் கீழே வைத்து, ஏன் அழுதாயெனக் கேட்போம்.

திருச்சிற்றம்பலம்.